மலையைத் தாழ்த்திய தோட்டம்

பெந்தோட்டைக்கு உள்ளே, தெத்துவக் களப்பின் கரையில் ஒரு பெரிய வளவு இருக்கிறது. பெயர் லுணுகங்க. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா ஐம்பது வருடம் இருந்து உருவாக்கிய தோட்டமும் வீடும். போய் வந்தவர்களிடம் விசாரித்தால் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். "பழைய வீடும் புல்லும் மரமும்தான், வேறொன்றும் இல்லை" என்பது ஒரு பக்கம். "சொர்க்கம்" என்பது மறுபக்கம். இரண்டையும் வைத்து எனக்கு எதுவும் பிடிபடவில்லை. நேரே பார்த்துவிடுவோம் என்று மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நண்பர்களோடு கிளம்பினேன். கட்டடப் பொறியாளன் ஒருவன், வங்கியில் வேலை செய்துகொண்டே பறவை பார்க்கிறவன் ஒருவன், எங்கள் எல்லோருக்கும் 'டீச்சர்' ஆகிவிட்ட தென்மராட்சித் தோழி, நான்.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் தண்டவாளத்தை அடுத்துக் கருங்கல் அடுக்கு, அதை அடுத்துக் கடல். தெற்கே போகிறவர்கள் வலப்பக்க யன்னலைப் பிடிக்கவேண்டும். கல்கிசை, மொரட்டுவை, பாணந்துறை என்று ரயில் ஊர்ந்தது. உப்புக் காற்றில் பெட்டியின் கம்பிகள் பிசுபிசுத்தன. பாணந்துறைக்குப் பிறகு இறால் வடைக்காரர் ஏறினார். ஒன்று நூறு ரூபாய், தாளில் சுற்றி, மேலே நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும். களுத்துறையில் களு கங்கைப் பாலத்தைக் கடந்தபோது வெள்ளைத் தாதுகோபுரம் தெரிந்தது. உள்ளே வெறுமையாக, ஆட்கள் நுழைந்து சுற்றிவரக்கூடியதாகக் கட்டியது அது. டீச்சர் கண்ணை மூடித் திறந்து கும்பிட்டாள்.

அளுத்கமவில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த ஓட்டோக்காரர் எங்களைப் பார்த்ததும் ஆயிரத்தைந்நூறு என்றார். பொறியாளனுக்குச் சிங்களம் நன்றாக வரும். பேசிப் பேசி ஓட்டோ ஒன்றுக்குத் தொள்ளாயிரம் என்று முடித்து இரண்டு பிடித்தோம். பெந்தோட்டைப் பாலத்தில் ஆறு அகலமாக, பச்சையும் மண்ணிறமும் கலந்து கிடந்தது. கடற்பக்கம் ஹோட்டல்கள். நாங்கள் எதிர்ப்பக்கமாகத் திரும்பி உள்நாட்டுக்குள் போனோம். ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். பாதை ஒடுங்க ஒடுங்க வெயில் குறைந்தது. ஒரு வீட்டு விறாந்தையில் இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து கறுவாப் பட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்த குழல்கள் கூரைக்குக் கீழே கயிற்றில் அடுக்காகக் காய்ந்தன. ஓட்டோ ஓடிய வேகத்திலும் அந்த வாசனை எட்டிப்பிடித்தது. அடுத்து ஓர் இறப்பர்த் துண்டு, மரத்துக்கு மரம் சிரட்டை.

இந்தக் கறுவாவும் இறப்பரும்தான் நாங்கள் பார்க்கப் போன வளவின் பழைய கதை. ஒல்லாந்தர் காலத்தில் அது கறுவாத் தோட்டம். ஆங்கிலேயர் காலத்தில் இறப்பர்த் தோட்டம். 1948இல் பாவா அதை வாங்கினார். அப்போது அவர் கட்டடக் கலைஞர் இல்லை, வழக்கறிஞராக இருந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, தகப்பனைப் போலவே சட்டத்துக்குப் போய், தாய் இறந்தபின் அதை விட்டுவிட்டு உலகம் சுற்றியவர். இத்தாலியில் கார்டா ஏரிப் பக்கம் ஒரு வீடு வாங்கிக் குடியேற நினைத்து, அது கைகூடாமல் ஊர் திரும்பியவர். அங்கே பார்த்த மாதிரி ஒரு தோட்டத்தை இங்கே உண்டாக்கவேண்டும் என்று இந்த இடத்தை வாங்கினார். வாங்கியபின்தான், நினைத்ததைச் செய்யத் தனக்குத் தொழில் தெரியாது என்று கண்டு, கொழும்பில் எட்வேர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு லண்டன் போய் முறைப்படி படித்து 1957இல் தகுதி பெற்றபோது வயது 38. கோட்டேயில் உள்ள நாடாளுமன்றம், கந்தளம ஹோட்டல், ருகுணு பல்கலைக்கழகம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஒரு தோட்டம் போட ஆசைப்பட்டு அதற்காகவே கட்டடக் கலை படித்த மனிதன் என்பதுதான் என்னை இங்கே இழுத்த முதல் விஷயம்.

வாசலில் பெரிய தோரணமோ பலகையோ இல்லை. ஒரு கதவு, பக்கத்தில் இழுக்கிற மணி. முன்பே பதிவு செய்து, குறித்த நேரத்தில், வழிகாட்டியோடு மட்டும்தான் சுற்றலாம். எங்களுக்கு வந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க மெல்லிய இளைஞர், காலில் ரப்பர்ச் செருப்பு. ஆங்கிலத்தில் தொடங்கி, பொறியாளனைக் கண்டபின் சிங்களத்துக்கு மாறினார். எனக்கு விளங்காததை அவன் சொல்லிக்கொண்டு வந்தான்.

மதில்களுக்கு இடையே படி ஏறவேண்டும். மதிலில் பாசி, பாசிக்கு மேல் பன்னம். ஏறும்போது முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. படி முடிந்து காலை வைத்தால் சட்டென்று ஒரு பெரும் வெளி. தெற்குப் பக்கம் புல்வெளி சரிந்து இறங்கி, மறுபடி எழுந்து, எதிரே இன்னொரு தாழ்ந்த குன்றாகிறது. அதைக் கறுவா மலை என்கிறார்கள். உச்சியில் ஒரு மகிழ மரம். அதன் கீழே ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சீன ஜாடி. அதற்கும் அப்பால், களப்பைத் தாண்டி, தூரத்து மேட்டில் ஒரு விகாரையின் வெள்ளைத் தாதுகோபுரம் சிறு புள்ளியாக.

"அந்த மலையின் உச்சியை வெட்டித் தாழ்த்தினார்கள். தாழ்த்தியபின்தான் தாதுகோபுரம் தெரிந்தது" என்றார் வழிகாட்டி.

இதை நான் படித்திருக்கிறேன். படித்தபோது பெரிதாகத் தோன்றவில்லை. நின்று பார்க்கும்போதுதான் விளங்கியது. ஜாடி இல்லாவிட்டால் கண் புல்வெளியில் அலைந்துவிட்டு வந்துவிடும். ஜாடி கண்ணை ஓரிடத்தில் நிறுத்துகிறது, நின்ற கண் அதற்குப் பின்னால் உள்ளதைத் தேடுகிறது. நான் இடப்பக்கம் பத்து அடி நடந்து பார்த்தேன். தாதுகோபுரம் ஒரு கிளைக்குள் போய்விட்டது. வலப்பக்கம் நடந்தேன், ஜாடியை விட்டு விலகிவிட்டது. திரும்ப நடுவுக்கு வந்தால்தான் மூன்றும் சேருகின்றன. சும்மா கொண்டுவந்து வைத்த ஜாடி இல்லை அது.

வழிகாட்டி இன்னொன்றும் சொன்னார். இரண்டு குன்றுகளுக்கும் நடுவே பொதுப் பாதை ஒன்று போகிறது, ஊர்ச் சனம் நடப்பது, சைக்கிள் விடுவது எல்லாம் அதில்தான், ஆனால் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு பெரிய சரிவில் ஒரு பாதையை எப்படி ஒளிக்க முடியும்? கண்ணைச் சுருக்கிக்கொண்டு புல்லின் ஒவ்வொரு மடிப்பாகத் தேடினேன். ஒன்றுமே இல்லை, ஒரே பச்சை. அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக, புல்லுக்குள்ளே ஓடுவதுபோல் சத்தம் நகர்ந்து போய் மறைந்தது. ஆளைக் காணவில்லை. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வீடு உயரமில்லாதது. நாட்டு ஓடு, வெள்ளைச் சுவர், சுற்றிலும் விறாந்தை. பொறியாளன் ஓட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். பாவாவின் கட்டடங்களில் பலவற்றில் ஓட்டுக்குக் கீழே நெளி சீமெந்துத் தகடு போட்டிருக்கும். மழையைத் தடுப்பது தகடு, மேலே ஓடு வெப்பத்தைத் தாங்கும், பார்வைக்கும் அழகு. "ஒழுகாத ஓட்டு வீடு, மச்சான். எங்கட ஆக்கள் ஏன் இதைச் செய்யேல்ல?" என்றான். வெள்ளவத்தையில் அவன் கட்டுவது எட்டு மாடி, பத்து மாடி அடுக்குகள். மொட்டை மாடி ஒழுகுகிறது என்று வாரத்துக்கு ஒருவராவது அவனைத் தொலைபேசியில் பிடிப்பார்கள்.

உள்ளே அறைகளில் பழைய மரச் சாமான்கள், புத்தகங்கள், ஓவியங்கள், சிலைத் துண்டுகள். எதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கண் போகும் திசையில் கட்டாயம் ஒரு கதவோ யன்னலோ இருக்கிறது, அதற்கு வெளியே பார்க்க ஒன்று இருக்கிறது. வழிகாட்டி அனுமதித்த மூன்று நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வட விறாந்தையிலிருந்து இறங்கினால் அந்தப் பக்கமும் புல், அதன் விளிம்பில் நிலம் செங்குத்தாக இறங்கி, கீழே களப்பு. நடுவில் ஓர் ஈழத்தலரி மரம். எங்கள் ஊர்க் கோயில் வாசல்களில் வெள்ளைப் பூவைக் கொட்டிக்கொண்டு நிற்கும் அதே சாதி. ஆனால் இப்படி ஒரு வடிவில் அதை நான் பார்த்ததில்லை. கிளைகள் மேலே போகாமல் நாலு பக்கமும் தாழ்ந்து, கையூன்றி நிற்பதுபோல் வளைந்து படர்ந்திருந்தன. இளமரமாக இருந்தபோது கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, வருடக்கணக்காக வளைத்தது என்றார் வழிகாட்டி. கிட்டப் போய்ப் பட்டையைத் தடவினேன். ஒரு கிளையின் வளைவில் பழைய தழும்பு போல ஏதோ இருந்தது. கயிறு பட்ட இடமா, வயதுக் கணுவா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வளைவு மட்டும் தானாக வந்ததில்லை என்று எவருக்கும் தெரியும்.

டீச்சர் அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை. அவளுடைய குடும்பம் தென்மராட்சியில் பெரிய வளவுக்காரர்கள். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பியபோது வீட்டுக்குள் மரம் முளைத்திருந்தது, கிணறு இருக்கும் திசை தெரியவில்லை. அவளும் தாயும் ஆள் வைத்து வெட்டி வெட்டி இன்றுவரை துப்புரவாக்குகிறார்கள். இந்தத் தீவில் ஒரு தோட்டத்தை ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் மூவரையும்விட அவளுக்குத் தெரியும். "எந்த வயதில பாரம் கட்டத் தொடங்கினவை? என்ன பாரம்? கிளை முறியாதா?" என்று கேள்விக்குமேல் கேள்வி. வழிகாட்டிக்கு அவ்வளவு தெரியாது. "தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார், காட்டுகிறேன்" என்றார்.

வட சரிவில் படி இறங்கிக் கீழே போனோம். காற்று அங்கே குளிர்ந்தது, ஈரமண் வாசம், கொசுவும் கூட. முழங்கால்வரை மூடிய காற்சட்டை போட்டுக்கொண்டு வருவது நல்லது. தண்ணீரோரமாக அகலமான ஒரு நடைபாதை. ஒரு பக்கம் சின்னச் சின்ன வயல்கள், அவற்றின் வரம்புகளை நேராக விடாமல் வளைத்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர்த்துறையில் ஒரு சிறுத்தை கிடந்தது. லக்கி சேனாநாயக்க செய்த சிற்பம். நிறமும் இருப்பும் உண்மையான மிருகம்போல இருக்க, பறவைக்கார நண்பன் ஓரடி பின்வாங்கினான். உண்மையான மிருகம் அதற்கு இருபது அடி தள்ளி இருந்தது. ஒரு பெரிய கபரக்கொய்யா, எங்களை ஒரு பொருட்டாக எண்ணாமல் வயலுக்கு உள்ளே நடந்து போயிற்று. நண்பன் நீர்க்காகம், மீன்கொத்தி என்று எண்ணத் தொடங்கிவிட்டான்.

பூப்பாத்தி எங்கேயாவது இருக்கிறதா என்று நான் வேண்டுமென்றே தேடிக்கொண்டு வந்தேன். ஒன்றுகூட அகப்படவில்லை. குளத்தில் கொஞ்சம் அல்லி, மரத்தில் ஈழத்தலரி, அவ்வளவுதான். பச்சையிலேயே எத்தனை பச்சை என்று பிரித்துப் பார்க்கவேண்டிய தோட்டம் இது. நுவரெலியா விக்டோரியா பூங்காவையோ பேராதனையின் ஓர்க்கிட் வீட்டையோ மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு 'புல்லும் மரமும்தான்' என்று தோன்றினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே பார்க்கவேண்டியது வெளியும் நிழலும். புல்லுக்கு நடுவே ஜாடிகள் நின்றன, சாய்ந்த மரத்தடியில் ஒரு கல்மேசை, மேசைக்கு அருகே ஒரு மணி.

இந்த மணிகள் வளவு முழுக்க இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஒலி. பாவா நாளின் ஒவ்வொரு வேளையையும் ஒவ்வோர் இடத்தில் கழித்தார். எங்கேயிருந்து மணி அடிக்கிறார் என்று ஒலியை வைத்தே வேலையாட்கள் அறிந்து, தேநீரையோ மதுவையோ அங்கே கொண்டுபோவார்களாம். வழிகாட்டி ஒன்றை ஆட்டிக் காட்டினார். தட்டையான, கனத்த ஒலி. சற்று மேலே போய் இன்னொன்றை ஆட்டினார். அது மெல்லியதாக, நீளமாக ஒலித்தது. ஒன்றை மற்றது என்று மயங்க முடியாதுதான். அந்தச் சரிவில் தட்டோடு ஏறி இறங்கியவர்களின் கால்களை நினைத்துக்கொண்டேன். ஒரு குன்றின் தலையை மண்வெட்டியும் கூடையுமாகக் குறைத்தவர்களின் பெயரும், நான் நடந்த எந்த இடத்திலும் எழுதியிருக்கக் காணவில்லை. எழுதியிருக்கவேண்டும்.

கிழக்குப் பக்கம் சின்னச் சின்னக் கட்டடங்கள். மாட்டுத் தொழுவமாக இருந்த ஒன்று ஓவியக் கூடமாகியிருக்கிறது. கோழிக்கூட்டுக்குக்கூடத் தூணும் கூரையும் போட்டுக் கோயில்போல் கட்டியிருக்கிறார்கள். பெரிய நாடாளுமன்றம் கட்டியவருக்குக் கோழிக்கூடும் ஒரு கட்டடமே. பொறியாளன் இங்கேதான் ஒரு பழைய செய்தியை எடுத்துவிட்டான். பாவாவின் நிறுவனத்தில் 1967 முதல் இருபது வருடம் அவருக்குக் கூட்டாளியாக இருந்தவர் பொறியாளர் கே. பூலோகசுந்தரம், தமிழர். பாவாவின் பெரிய வேலைகளுக்கெல்லாம் கணக்குப் போட்டு நிறுத்தி வைத்ததும், அலுவலகத்தை நடத்தியதும் அவர். "வடிவத்தைக் கண்டவருக்குப் பேர் நிண்டிட்டுது. அதை விழாமல் நிப்பாட்டினவரை எங்களிலயே எத்தினை பேருக்குத் தெரியும்?" என்றான். மனதிலிருந்து சொன்னான், அவனும் பொறியாளன்தானே.

பாவாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பையும் இங்கே சொல்லிவிடலாம். 1970களில் மதுரையில் ஆலை நிறுவனம் ஒன்றுக்காக ஒரு கிளப் கட்டினார். இடித்த வீடுகளிலிருந்து வந்த கல்தூண்களையும் கதவுகளையும் அதில் சேர்த்தார். அதே காலத்தில் சென்னை கன்னிமாரா ஹோட்டலின் புதுப்பிப்பும் அவர் கையால் நடந்தது. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் இருக்கும் அவருடைய நகர வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன.

பிறகு கறுவா மலை. நான் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். வீட்டிலிருந்து இறங்கி ஒரு சிறு பாலத்தைக் கடக்கிறோம். பாலத்தில் நின்று கீழே பார்த்தால், இருக்கிறது அந்தப் பாதை! நிலத்தைப் பள்ளமாக வெட்டி, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, பாதையை அதற்குள் இறக்கியிருக்கிறார்கள். புல் பள்ளத்தின் விளிம்புவரை வந்து நிற்கிறது. எட்டத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இந்தக் கரைப் புல்லும் அந்தக் கரைப் புல்லும் ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலேயரின் பெரிய வளவுகளில் ஆடுமாடு வராமல் தடுக்கவும் பார்வை மறையாமல் இருக்கவும் வெட்டிய பள்ளம்தான் இது. இங்கே ஊராரின் வழி அடைபடாமல் இருக்க அதுவே உதவியிருக்கிறது. நாங்கள் நின்றபோதே சந்தைப் பையோடு ஒரு அம்மா குடை பிடித்துக்கொண்டு கீழே நடந்து போனார். குடையின் கறுப்புத் துணி எங்கள் காலுக்குக் கீழே போனது. நான் உடனே திரும்பி வீட்டுப் பக்கம் ஓடி, சரிவில் கொஞ்சம் ஏறி நின்று பார்த்தேன். குடையும் இல்லை, அம்மாவும் இல்லை. வழிகாட்டி சொன்னது சரி.

மலை ஏற்றம் ஐந்து நிமிடம்கூட இல்லை. வெயில் நேரே அடித்தது. ஜாடியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பளபளப்பு மங்கி, வெடிப்புக் கோடுகள். மகிழம்பூ உதிர்ந்திருந்தால் பொறுக்கலாம் என்று டீச்சர் குனிந்து தேடினாள், காய்ந்த இலைதான் கிடைத்தது. 1998இல் பக்கவாதம் வந்து பேச்சும் நடையும் போனபின் பாவா ஐந்து வருடம் உயிரோடு இருந்தார். 2003 மே 27 அன்று இறந்தார். இந்த மலையில்தான் தகனம் செய்தார்கள். கல்லறைக் கட்டு எதுவும் இல்லை. இடம் இது என்று வழிகாட்டி கையால் காட்டியிராவிட்டால் அதன்மேலேயே நடந்து போயிருப்போம்.

அங்கிருந்து திரும்பி வீட்டைப் பார்க்கவேண்டும். வீடு ஏறத்தாழக் காணாமல் போயிருக்கிறது. மரங்களுக்கு இடையே ஓட்டின் ஒரு கோடு, வெள்ளைச் சுவரின் ஒரு துண்டு. பாதையை ஒளித்தவர் தன் வீட்டையும் ஒளித்திருக்கிறார். இவ்வளவு பெரிய வளவில் தன்னைக் காட்டிக்கொள்ள நிற்கும் கட்டடம் ஒன்றுகூட இல்லை. இதை எந்தப் புத்தகமும் எனக்கு இப்படி உறைக்கச் சொல்லவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் சரிவில் புல்லில் கிளை வெட்டி விழுத்தியிருந்தார்கள். வழிகாட்டி சொன்ன தோட்டக்காரர் அங்கேதான் இருந்தார். அறுபது வயது இருக்கும், சாரத்தை மடித்துக் கட்டி, நீண்ட கழியில் அரிவாள். கீழே இரண்டு பெண்கள் ஈர்க்கில் விளக்குமாற்றால் இலை கூட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் கூட்டியதைத்தான் மத்தியானம் மறுபடி கூட்டுகிறோம் என்றார்கள். 'இயற்கை அழகு' என்று இந்த இடத்தைப் பற்றிப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அன்று கண்ணில் பட்டதெல்லாம் வெட்டிய தடம். பலாவில் ஆறிப்போன வட்ட வடுக்கள், நேற்று வெட்டிய கிளையின் வெள்ளை முகம், விளக்குமாற்றின் கோடுகள். ஒரு வருடம் இந்தக் கழியும் விளக்குமாறும் ஓய்ந்தால் தாதுகோபுரம் மறையும், பிறகு ஜாடி மறையும், பிறகு களப்பும் மறையும். நட்டதைவிட எடுத்ததுதான் இங்கே பெரிய வேலை, அந்த வேலை இன்னும் முடியவில்லை.

டீச்சர் தோட்டக்காரரிடம் போய் நின்றுகொண்டாள். அவளுக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் இரண்டு சொல். இருந்தும் பத்து நிமிடம் பேசினார்கள். பொறியாளன் இடையில் போகவில்லை. தோட்டக்காரர் கழியைச் சாத்திவிட்டு, கையை ஒரு கிளையாக நீட்டி, மறுகையால் அதில் எதையோ கட்டுவதுபோலக் காட்டினார். விரல் பருமன் கிளையாக இருக்கும்போதே தொடங்கவேண்டும், முதலில் சின்னக் கல், கிளை பழகியபின் அதைவிடப் பெரியது, தும்புக் கயிறு நல்லது, கம்பி பட்டையை அறுக்கும். அவள் கைப்பைக்குள் இருந்த ரயில் ரிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

கடைசியாகப் பார்த்தது தோட்டத்தை ஒட்டி நிற்கும் ஈனா டி சில்வாவின் வீடு. பத்திக் கலைஞரான அவருக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேஸில் பாவா கட்டியது. நகரத்துக் காணியில் வெளியே மதில், உள்ளே முற்றங்கள் என்று நாற்சார் வீட்டு முறையைத் திரும்பக் கொண்டுவந்த வீடு. அந்தக் காணி கைமாறியபோது, கல்லுக்கும் தூணுக்கும் எண் போட்டுக் கழற்றி, இங்கே கொண்டுவந்து மீண்டும் நிறுத்தினார்கள். அன்று அதில் விருந்தினர் தங்கியிருந்ததால் வாசலோடு நின்றோம். திறந்த கதவின் வழியே கருங்கல் பாவிய முற்றத்தின் ஒரு பகுதி வெயிலில் தெரிந்தது. பொறியாளன் தன் கைத்தொலைபேசியில் படம் எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். "முப்பது பேர்ச்சஸ் இருந்தா இப்ப நாங்கள் நாப்பது குடும்பத்தை அடுக்கியிருப்பம்" என்றான்.

சுற்றிவர இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. மத்தியானச் சாப்பாடும் முன்பதிவு செய்தால் அங்கேயே கிடைக்கும், நாங்கள் செய்யவில்லை. ஓட்டோவில் அளுத்கம வந்து, சந்தைக்குப் பக்கத்துக் கடையில் சோற்றுப் பார்சல் வாங்கினோம். மீனோடு நானூறு ரூபாய், பருப்பு, பலாக்காய்க் கறி, பொல் சம்பல். அருமையான சம்பல். கடை வாசலில் செவ்விளநீர் நூற்றைம்பது. பறவைக்காரன் இரண்டு குடித்தான்.

ஸ்டேஷனில் ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. டீச்சர் தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள். கிணற்றடியில் போன வருடம் நட்ட ஈழத்தலரியை வெட்டிவிடும் எண்ணத்தில் தாய் இருந்தார் போலும்.

"வெட்ட வேண்டாம் அம்மா. நான் வாற கிழமை வாறன். கிளையில கல்லுக் கட்டப் போறன்."

தாயின் குரல் எங்களுக்கும் கேட்டது. "கல்லோ? புடலங்காய்க்குக் கல்லுக் கட்டிக் கண்டிருக்கிறன் பிள்ளை. பூமரத்துக்கு ஏன்? சனம் பாத்தா என்ன நினைக்கும்?"

"நினைக்கட்டும். பதினைஞ்சு வருசம் கழிச்சு வந்து அதுக்குக் கீழ இருந்து பாத்திட்டுச் சொல்லட்டும்" என்றாள் டீச்சர். "தும்புக் கயிறு வீட்டில கிடக்கோ, இல்லாட்டி நான் வாங்கிக்கொண்டு வரவோ?"